குளுக்கோஸ் பாகும் கடலை மிட்டாயும்

கடலை மிட்டாய் தின்னாதவர் உண்டா? சிறு பிள்ளை முதல் தாத்தா பாட்டி வரை எல்லோருக்கும் பிடிக்கும். இந்தியா முழுவதும் இதைச் செய்கிறார்கள். பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. மராட்டியத்தில் 'சிக்கி' என்பார்கள். ஆந்திராவில் 'பல்லி பட்டி' என்பார்கள். கேரளத்தில் 'கப்பலண்டி மிட்டாய்' என்பார்கள். லோணாவளா என்ற மராட்டிய மலை ஊர் சிக்கிக்குப் பேர் போனது. நம் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்று பல ஊர்களில் மகளிர் குழுக்கள் கடலை மிட்டாய் செய்து விற்கின்றன. சிலர் கேக், பிஸ்கட், ஜாம் செய்கிறார்கள். இவர்கள் கடைக்குப் போனால் ஒரு பொருளின் பெயர் அடிக்கடி காதில் விழும். அதுதான் 'லிக்விட் குளுக்கோஸ்'. தமிழில் 'குளுக்கோஸ் பாகு' எனலாம்.

இது என்ன பொருள்? எதற்குப் போடுகிறார்கள்? எவ்வளவு போட வேண்டும்? இது உடம்புக்குத் தெம்பு தருமா? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இது எதிலிருந்து வருகிறது?

ஒரு வாய் சோற்றை எடுங்கள். குழம்பு வேண்டாம். வெறும் சோறு போதும். உடனே விழுங்காமல் நன்றாக மென்று கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். ஏன்?

சோற்றில் இருப்பது மாவுச்சத்து. மாவுச்சத்து ஒரு நீளமான சங்கிலி போன்றது. அதன் ஒவ்வொரு கண்ணியும் குளுக்கோஸ். நம் எச்சில் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. அப்போது இனிப்பு தெரிகிறது.

தொழிற்சாலையிலும் இதே வேலைதான் நடக்கிறது. மக்காச்சோளம் அல்லது மரவள்ளிக்கிழங்கிலிருந்து மாவுச்சத்தைப் பிரித்து எடுக்கிறார்கள். அதில் தண்ணீர் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். அமிலமோ, எச்சிலில் இருப்பது போன்ற நொதியோ சேர்க்கிறார்கள். சங்கிலி அறுபடுகிறது. பிறகு வடிகட்டி, தண்ணீரை வற்றச் செய்கிறார்கள். கெட்டியான, நிறமில்லாத பாகு கிடைக்கிறது. பார்க்கத் தேன் போல வழியும். ஆனால் தேன் அல்ல. தேனின் மணமும் இதில் இல்லை. இதைத் தேனில் கலந்து, தேன் என்று விற்பது மோசடி.

இந்த முறை புதியது அல்ல. 1811-ஆம் ஆண்டில் ரஷ்யாவில் கிர்ச்சாஃப் என்ற வேதியியல் அறிஞர் மாவுச்சத்திலிருந்து இனிப்பு எடுத்துக் காட்டினார். அப்போது ஐரோப்பாவில் போர் நடந்தது. கரும்புச் சர்க்கரை வருவது கடினமாக இருந்தது. அதனால் வேறு வழி தேடினார்கள்.

இது செய்யும் வேலை என்ன?

சர்க்கரைப் பாகு காய்ச்சியவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும். பாகு நன்றாக இருக்கும். ஆறியதும் திடீரென்று பூத்துப் போகும். வெள்ளை வெள்ளையாக, குருணை குருணையாக மாறிவிடும். வாயில் போட்டால் நறநறவென்று இருக்கும். அந்த மிட்டாயை விற்க முடியாது. போட்ட முதலும் பட்ட பாடும் வீண்.

ஏன் பூக்கிறது? செங்கல் அடுக்குவதை நினைத்துப் பாருங்கள். எல்லாக் கல்லும் ஒரே அளவு. அதனால் வரிசையாக அடுக்க முடிகிறது. சர்க்கரைத் துகள்களும் அப்படித்தான். பாகு ஆறும்போது ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு மறுபடியும் கட்டியாகின்றன.

செங்கல்லுக்கு நடுவே உருண்டைக் கல்லையும் நீளக் கல்லையும் போட்டால் என்ன ஆகும்? வரிசை கலையும். அடுக்க முடியாது. குளுக்கோஸ் பாகு அந்த வேலையைத்தான் செய்கிறது. சர்க்கரைத் துகள்களுக்கு நடுவே புகுந்து அவற்றைச் சேர விடாமல் தடுக்கிறது. அதனால் மிட்டாய் கண்ணாடி போலப் பளபளப்பாக வருகிறது.

நம் வீட்டுப் பெரியவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். சர்க்கரைப் பாகில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிவார்கள். எலுமிச்சையின் புளிப்பு, சூட்டில் சர்க்கரையின் ஒரு பகுதியை உடைக்கிறது. பாகிலேயே கொஞ்சம் குளுக்கோஸ் உண்டாகிறது. பெயர் தெரியாவிட்டாலும் பெரியவர்களுக்கு வேலை தெரிந்திருந்தது.

குளுக்கோஸ் பாகுக்கு வேறு வேலைகளும் உண்டு.

* கேக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கேக் சீக்கிரம் காயாது.
* ஐஸ்கிரீமில் பனிக்கட்டி நறநறப்பைக் குறைக்கும்.
* ஜாமிலும் டூட்டி ஃப்ரூட்டியிலும் சர்க்கரை பூக்காமல் காக்கும்.
* பிஸ்கட் சீக்கிரம் சிவக்க உதவும். அதனால் அடுப்பைக் கவனித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கருகும்.

எல்லாவற்றுக்கும் இது வேண்டுமா? வேண்டாம். பாயசத்துக்கும் அதிரசத்துக்கும் இது தேவையே இல்லை. வெல்லத்தில் இயற்கையாகவே கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கிறது. அதனால் வீட்டுக்கு மட்டும் வெல்லத்தில் கடலை மிட்டாய் செய்தால் இது கட்டாயம் இல்லை. விற்பதற்குச் செய்கிறவர்கள் கொஞ்சம் சேர்க்கிறார்கள். வெட்டும்போது தூள் தூளாக உதிராமல், துண்டுகள் ஒழுங்காக வரும் என்பதற்காக.

கடலை மிட்டாய் செய்வோம்

தேவையான பொருள்கள்:

வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை – 1 கிலோ
வெல்லம் – 800 கிராம்
லிக்விட் குளுக்கோஸ் – 80 கிராம் (ஏறத்தாழ 4 மேசைக்கரண்டி)
தண்ணீர் – 200 மில்லி
பலகையில் தடவ – கொஞ்சம் எண்ணெய்

செய்முறை:

1. முதலில் கடலையைப் பொறுக்குங்கள். பூஞ்சணம் பிடித்தது, கருத்தது, சுருங்கியது எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். பூஞ்சணத்தில் நஞ்சு உண்டு. வறுத்தாலும் அது முழுவதும் போகாது. ஆடு மாடுகளுக்கும் அதைப் போடாதீர்கள்.

2. வெல்லத்தைத் தண்ணீரில் கரையுங்கள். மண், தூசி போக வடிகட்டுங்கள்.

3. அடி கனமான வாணலியில் வெல்லக் கரைசலை ஊற்றுங்கள். லிக்விட் குளுக்கோஸைச் சேருங்கள். இது கையில் பிசுபிசு என்று ஒட்டும். கையையும் கரண்டியையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு எடுத்தால் ஒட்டாது. குளிரில் இறுகிப் போயிருந்தால், டப்பாவை வெந்நீரில் கொஞ்ச நேரம் வையுங்கள். இளகிவிடும்.

4. மிதமான தீயில் காய்ச்சுங்கள். பதம் பார்க்க ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வையுங்கள். ஒரு சொட்டுப் பாகை அதில் விடுங்கள்.
மெழுகு போல உருண்டால், பதம் வரவில்லை.
ரப்பர் போல இழுத்தால், இன்னும் கொஞ்சம் காய வேண்டும்.
எடுத்து ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அதுதான் சரியான பதம்.

5. உடனே அடுப்பை அணையுங்கள். கடலையைக் கொட்டி வேகமாகக் கிளறுங்கள்.

6. எண்ணெய் தடவிய பலகையில் கொட்டுங்கள். உருளையால் பரப்புங்கள். சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போடுங்கள். ஆறிய பிறகு வெட்டினால் நொறுங்கும்.

7. நன்றாக ஆறட்டும். சூட்டோடு பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்க்கும். ஆறிய உடனே காற்றுப் புகாமல் கட்டுங்கள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து நமத்துப் போகும்.

அளவு ஏன் முக்கியம்?

80 கிராமுக்குப் பதில் 300 கிராம் போட்டால் என்ன? மிட்டாய் இறுகாது. பல்லில் ஒட்டும். மழைக்காலத்தில் வியர்த்து ஒழுகும். தாளோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கியவர் மறுபடி வர மாட்டார்.

இந்த அளவுகளை நினைவில் வையுங்கள்.

* வெல்லத்தில் செய்யும் மிட்டாய்: 1 கிலோ வெல்லத்துக்கு 100 கிராம் போதும்.
* வெறும் சர்க்கரையில் செய்யும் மிட்டாய்: 1 கிலோ சர்க்கரைக்கு 100 முதல் 150 கிராம்.
* கேக்: 250 கிராம் சர்க்கரை போடும் இடத்தில் 225 கிராம் சர்க்கரையும் 25 கிராம் லிக்விட் குளுக்கோஸும் போடலாம்.
* ஐஸ்கிரீம்: 1 லிட்டர் பாலுக்கு 2 மேசைக்கரண்டி.

கவனம்! பாகு சுடும்

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மிட்டாய்ப் பாகு 130 டிகிரிக்கு மேலே போகும். வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். அதனால் குழந்தைகளை அடுப்பின் பக்கம் விடாதீர்கள். காலில் செருப்பு இருக்கட்டும். சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

பாகு பட்டுவிட்டால் உடனே அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். 20 நிமிடம் ஊற்ற வேண்டும். ஒட்டிய பாகைப் பிய்க்காதீர்கள். பேனா மை, பற்பசை, மாவு எதுவும் தடவாதீர்கள். காயம் பெரிதாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

கடையில் ஒரு பேச்சு

குழுவைச் சேர்ந்த ஒரு பெண் கடைக்குப் போகிறார்.

பெண்: அண்ணாச்சி, லிக்விட் குளுக்கோஸ் ஒரு கிலோ வேணும்.

கடைக்காரர்: இந்தா தங்கச்சி, பெரிய டின்ல இருந்து ஊத்தித் தாரேன். விலை கம்மி.

பெண்: டின்ல பேரும் இல்ல, தேதியும் இல்லையே?

கடைக்காரர்: எல்லாம் ஒண்ணுதான் தங்கச்சி.

பெண்: இல்ல அண்ணாச்சி. தோல் தொழிலுக்கும் இதை வாங்குறாங்களாம். சாப்பாட்டுக்கு உள்ளதுதான் எங்களுக்கு வேணும். மூடி பிரிக்காத டப்பா குடுங்க.

கடைக்காரர்: சரி, இந்தா. ஆனா இதுல இங்கிலீஷ்லதான எழுதியிருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?

பெண்: எழுத்துதான் இங்கிலீஷ். நம்பர் எல்லாருக்கும் ஒண்ணுதானே? இந்தா பாருங்க, 14 நம்பர் இருக்கு. தேதி இருக்கு. எடை இருக்கு. விலை இருக்கு.

கடைக்காரர்: அடேயப்பா! சரி, இதைப் பிள்ளைகளுக்குத் தண்ணியில கலந்து குடு. குளுக்கோஸ்தானே, தெம்பு வரும்.

பெண்: அதான் தப்பு அண்ணாச்சி. இதுவும் சர்க்கரைதான்.

அந்தப் பெண் எவற்றைப் பார்த்தார்? உணவுப் பொருள் பொட்டலத்தில் உரிம எண் இருக்க வேண்டும். அதில் 14 இலக்கங்கள் உண்டு. எண்ணிப் பாருங்கள். தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, எடை, விலை ஆகியவையும் இருக்க வேண்டும். இவை எல்லாம் எண்கள். எண் படிக்கத் தெரிந்தால் பாதிப் பொட்டலத்தைப் படித்த மாதிரி.

வீட்டில் டப்பாவைத் திறந்த பிறகு இறுக மூடி வையுங்கள். நுரை வந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ பயன்படுத்தாதீர்கள்.

தெம்பு தருமா?

'குளுக்கோஸ்' என்ற பெயரைக் கேட்டால் நமக்கு மருத்துவமனை நினைவு வரும். அதனால் குளுக்கோஸ் போட்ட தின்பண்டம் எல்லாம் சத்து என்று நினைக்கிறோம். பிள்ளை சாப்பிடவில்லை என்றால் குளுக்கோஸ் பிஸ்கட்டைக் கையில் கொடுக்கிறோம். இது சரியா?

மருத்துவமனையில் ஏற்றுவது மருந்து. டாக்டர் பார்த்து, அளவோடு ஏற்றுகிறார். மிட்டாய்க்குப் போடும் பாகு வேறு. அது ஒரு வகை இனிப்பு. அவ்வளவுதான். அதில் புரதம் இல்லை. இரும்புச்சத்து இல்லை. வைட்டமின் இல்லை.

வயிற்றுப்போக்குக்கும் இது மருந்து ஆகாது. அதற்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறது. அதில் குளுக்கோஸோடு உப்புகளும் சரியான அளவில் கலந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். லிக்விட் குளுக்கோஸின் இனிப்பு, சர்க்கரையில் ஏறத்தாழ பாதிதான். நாக்குக்குக் குறைவாகத் தெரியும். ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். 'இனிப்புக் கம்மிதான், சாப்பிடலாம்' என்று சர்க்கரை நோய் உள்ளவர் ஏமாறக் கூடாது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. நம் தெருவிலும் இருப்பார்கள். நம் வீட்டிலும் இருக்கலாம்.

நாம் செய்த கடலை மிட்டாயையே எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் ஏறத்தாழ 45 கிராம் இனிப்பு இருக்கிறது. அது 9 தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 6 தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் சொன்னது.

அப்படியானால் கடலை மிட்டாய் கெட்டதா? இல்லை. அதில் கடலை இருக்கிறது. கடலையில் புரதம் இருக்கிறது. ஒரு துண்டு, இரண்டு துண்டு தின்னலாம். தெம்பு வருவது கடலையால். குளுக்கோஸ் பாகு மிட்டாயைப் பிடித்து நிறுத்தும் துணை மட்டுமே. துணையைத் துணையாக வைப்போம்.

நம் பொட்டலத்தில் என்ன எழுதுவோம்?

நாம் மற்றவர் பொட்டலத்தைப் பார்த்து வாங்குகிறோம். நம் பொட்டலத்தையும் மற்றவர் பார்ப்பார்கள். போட்டதை மறைக்கக் கூடாது. எது எடை அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். இதுதான் விதி.

கடலை மிட்டாய்
சேர்ந்த பொருள்கள்: நிலக்கடலை, வெல்லம், லிக்விட் குளுக்கோஸ், எண்ணெய்
எடை: 100 கிராம்
விலை: ........
தயாரித்த தேதி: ........
எந்தத் தேதிக்குள்: ........
உரிமம் அல்லது பதிவு எண்: ........
செய்தவர் முகவரி: ........

சிலருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. தின்றால் உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும். அவர்களுக்காகவும் பொருள்களின் பெயரை எழுதுவது அவசியம். சட்டப்படி இவற்றை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் எழுத வேண்டும். கூடவே தமிழிலும் எழுதலாம். சிறிய அளவில் செய்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

கணக்குப் போடுவோம்

விலை ஊருக்கு ஊர் மாறும். ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்.

கடலை 1 கிலோ – 140 ரூபாய்
வெல்லம் 800 கிராம் – 48 ரூபாய்
லிக்விட் குளுக்கோஸ் 80 கிராம் – 6 ரூபாய்
எண்ணெய், எரிபொருள், தாள் – 26 ரூபாய்
மொத்தச் செலவு – 220 ரூபாய்

ஏறத்தாழ 1 கிலோ 800 கிராம் மிட்டாய் கிடைக்கும். 100 கிராம் பொட்டலமாகக் கட்டினால் 18 பொட்டலம். ஒன்று 20 ரூபாய் என்று விற்றால் 360 ரூபாய் வரும். செலவு போக மீதி 140 ரூபாய். இதுதான் உழைப்புக்குக் கூலியும் லாபமும்.

உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்தக் கணக்கை மறுபடி எழுதுங்கள்.

நினைவில் வைப்போம்

* லிக்விட் குளுக்கோஸ் மாவுச்சத்திலிருந்து வருகிறது.
* பாகு பூக்காமல் தடுப்பது அதன் முக்கிய வேலை.
* 1 கிலோ வெல்லத்துக்கு 100 கிராம் போதும்.
* அது சத்து மருந்து அல்ல. அதுவும் சர்க்கரைதான்.
* பெயரும் தேதியும் இல்லாததை வாங்க வேண்டாம்.

விடை சொல்லுங்கள்

1. வெறும் சோற்றை மென்றால் ஏன் இனிக்கிறது?
2. சர்க்கரைப் பாகில் எலுமிச்சைச் சாறு ஏன் பிழிகிறோம்?
3. பாகு பதம் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?
4. பாகு கையில் பட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?
5. பொட்டலத்தில் உரிம எண்ணுக்கு எத்தனை இலக்கங்கள்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. 1 கிலோ வெல்லத்துக்கு லிக்விட் குளுக்கோஸ் ........ கிராம்.
2. மிட்டாயைச் ........ இருக்கும்போதே கோடு போட வேண்டும்.
3. வயிற்றுப்போக்குக்கு ........ பொட்டலம் கொடுக்க வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

வீட்டில் இருக்கும் இரண்டு பிஸ்கட் பொட்டலங்களை மையத்துக்குக் கொண்டு வாருங்கள். அவற்றில் உள்ள எண்களைப் படியுங்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பொருள்களின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். குளுக்கோஸ் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? பிள்ளைகளுக்குத் தினமும் இதைக் கொடுக்கலாமா? அதற்குப் பதில் என்ன கொடுக்கலாம்? எல்லோரும் ஒவ்வொரு வரி எழுதுங்கள்.